நான் எழுத வைத்த வரி

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் கிளமெண்டியில் உள்ள நிலையத்துக்கு இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறாள். அவளுடைய தங்கை ஒரு சிறுநீரகம் தர ஒத்துக்கொண்ட அன்று, முருகன் கண் திறந்துவிட்டான் என்று அழுதேன். ஆனால் மருத்துவமனையில் டாக்டர் கணினியைப் பார்த்துவிட்டு, விரதத்துக்காக மருந்தை நிறுத்தியவர் என்று பழைய குறிப்பு இருக்கிறதே என்றார். மாற்றிய சிறுநீரகத்துக்கு ஆயுள் முழுக்க மாத்திரை தவறக் கூடாதாம். சிறுநீரக மாற்றுக் குழு கூடித்தான் முடிவு செய்யும் என்றார்.

அவள் ஒரு நாளும் மருந்தை நிறுத்தியதில்லை. அந்தக் குறிப்பு எழுதப்பட்டபோது அவளுக்கு இரத்தக் கொதிப்பு மட்டும்தான். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க நாற்பத்தெட்டு நாள் ஒரு வேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்தாள். விளக்கேற்றிக் கும்பிட்டதும் மாத்திரையை விழுங்கிவிடுவாள்.

"எந்தப் பாவி இப்படி எழுதினாளோ, நல்லா இருப்பாளா?" என்று வீட்டுக்கு வந்து புலம்பினாள்.

அப்படி எழுதும்படி சொன்னது நான்தான். அந்த விரத நாட்களில் ஒருநாள் மருத்துவமனையில் அவள் இரத்தப் பரிசோதனைக்கு உள்ளே போயிருந்தாள். தாதி என்னிடம் மருந்தெல்லாம் சரியாகச் சாப்பிடுகிறார்களா என்று கேட்டார். அவரும் நம்மவர். என் மனைவியின் பக்தியை அவர் மெச்ச வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. பாலும் பழமும் தவிர எதுவும் தொடுவதில்லை, மருந்துகூட இல்லை, எல்லாம் முருகன் பார்த்துக்கொள்வான் என்று பெருமையடித்தேன். அவர் அதை அப்படியே கணினியில் தட்டி வைத்துவிட்டார்.

டாக்டர் குறிப்பைப் பற்றிச் சொன்ன மறுநாளே மருத்துவமனையின் ஆவணப் பிரிவுக்கு ஓடினேன். முகப்பில் இருந்த தமிழ்ப் பெண்ணிடம் அந்த ஒரு வரியை அழித்துவிடம்மா என்று கெஞ்சினேன்.

"அழிக்க முடியாது அங்கிள். தப்புன்னா திருத்தம் சேர்க்கலாம். பழசு அப்படியே இருக்கும்லா. பக்கத்துல எது சரி, யார் சொன்னாங்கன்னு வரும்."

அந்த வரியை நம்பித்தான் அன்றைய டாக்டர் மருந்தின் அளவைத் தீர்மானித்தாராம். அதை எடுத்துவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் புரியாதாம். தவறு எப்படி நேர்ந்தது என்று விவரமாக எழுதினால்தான் குழு நம்பும் என்றாள். பதிவு என் மனைவியுடையது, அதனால் கையெழுத்தும் அவளுடையதாக இருக்க வேண்டும் என்று தாளை நீட்டினாள்.

ஜாலான் புசார் ரயில் நிலையத்தில் இறங்கிக் கோயிலுக்கு நடந்தேன். அழித்துவிடு முருகா என்று சன்னிதியில் விழுந்தேன். அவனிடம்கூட நான்தான் சொன்னேன் என்று சொல்ல நா எழவில்லை. வேறு வழியும் இல்லை. நான் படித்தது ஆறாம் வகுப்பு. அன்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தெரிந்த தமிழில் எல்லாவற்றையும் எழுதி அவளிடம் கொடுத்தேன்.

இரண்டு தடவை படித்தாள்.

"அவன் பேரைச் சொல்லியா பொய் சொன்னீங்க?"

கையெழுத்துப் போட்டாள்.

இப்போது இரண்டு வரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. குழுவிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. கைப்பேசி ஒலித்தாலே ஓடிப்போய் எடுக்கிறேன். அவள் தினமும் விளக்கேற்றிவிட்டு, என் எதிரில் வந்து நின்று, மாத்திரையை நாக்கில் வைத்துக் காட்டி விழுங்குகிறாள்.

"பாத்துக்கிட்டீங்கல்ல?" என்கிறாள்.