துவைக்காத பனியன்

வாழை நாரில் பனியன் செய்ய முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும், ஆனால் முதலில் போட்டுப் பார்க்கிற ஆள் நீங்களாக இருக்காதீர்கள் என்பேன். எங்கள் முதல் பனியனைப் போட்ட மில் ஃபிட்டர் அன்று முழுக்கத் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டு திரிந்தார். கேட்டதற்கு, "கொஞ்சம் கடிக்குதுங்க, மத்தபடி அருமைங்க" என்றார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மரியாதை இருக்கிறதே, அது ஆராய்ச்சிக்கு ஆகவே ஆகாது.

நான் அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் மில்லின் ஆய்வகத்தில் இருக்கிறேன். ஆய்வகம் என்றால் ஓர் அறை, ஒரு மைக்ரோஸ்கோப், நான். நாரை மிருதுவாக்கி, பஞ்சோடு கலந்து நூற்று, வேப்பிலைச் சாறு ஏற்றி, எவ்வளவு வியர்த்தாலும் நாறாத பனியன் ஒன்றை ஒருவழியாகக் கொண்டுவந்திருந்தேன். முதலாளி நல்ல மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். "மாசக் கடைசில வந்து பாக்கறனுங்க அம்மணி. சரியா வரலைன்னா அந்த ரூம்ல நூல் கோன் அடுக்கிக்கலாமுங்க" என்றார். என் பிழைப்பில் மண்ணைப் போடும்போதுகூட ஒரு 'ங்க' குறையவில்லை. ஆய்வகம் போனால் நான் ஆர்டர் பிரிவில் உட்கார்ந்து பட்டன் நிறத்துக்கு மெயில் அனுப்ப வேண்டும். அதற்கு வேலையே வேண்டாம் என்று வீட்டில் படுத்துவிடலாம்.

நாறாது என்று வாயால் சொன்னால் போதாது. ஆட்கள் ஒரு வாரம் துவைக்காமல் போட்டு, அப்படியே கழற்றித் தர வேண்டும். அக்குள் துணியை வெட்டி, கிருமி வளர்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். மில் ஆட்களுக்கும், தெரிந்த வால்பாறை பஸ் டிரைவர் ஒருவருக்கும் கொடுத்தேன். துவைக்காதீர்கள், தண்ணீரே காட்டாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். எல்லாரும் "ஆகட்டுங்க" என்றார்கள்.

வாரம் முடிந்து எல்லாப் பனியன்களும் வந்தன. துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரி போட்டு, மடித்து. ஒன்றில் மல்லிகைப்பூ வாசம் வேறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையை ஓர் அறை அறைந்தேன். கைதான் வலித்தது.

டிரைவரைப் பிடித்துக் கேட்டேன். "ஏனுங்கண்ணா, தொவைக்காதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!"

"சத்தியமா நாத்தமே இல்லீங்க அம்மணி. அடிவாரத்து வெயில்ல வேர்வை ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு, ஒரு பொட்டு நாத்தமில்லீங்க. அதுக்காக ஒரு பொம்பளப்புள்ள கையில அழுக்குத் துணியக் குடுக்க முடியுங்களா? ஊட்டுல தெரிஞ்சா என்னைய வாசல்லயே நிறுத்திப்போடுவா."

இந்த மனிதரை என்னவென்று திட்டுவது?

முதலாளி வர இரண்டு நாள்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து முகம் கழுவப் போனேன். குளியலறைக் கதவுக்குப் பின்னால் வழக்கம்போல என் வீட்டுக்காரரின் துணிகள் கும்பலாகத் தொங்கின. அவர் பம்ப் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கதவுக்காக நான் போடாத சண்டை இல்லை. அன்றைக்கும் ஆரம்பித்துவிட்டேன். "ஏனுங்க, வெக்கமா இல்லீங்களா? மனுசன் இருக்கற ஊடா இது? இந்தப் பனியன எப்பத்திலிருந்து..."

பாதியில் நின்றுவிட்டேன். கையில் இருந்தது வாழை நார்ப் பனியன். மிச்சம் இருக்கிறதே என்று அவரிடம் கொடுத்து, நானே மறந்துபோன ஒன்று.

"நீ குடுத்ததுல இருந்து அதையேதான் போட்டுட்டு இருக்கறேன் கண்ணு" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "தொவைக்கப் போடோணும்னு நெனச்சேன், மறந்துபோட்டேன். சத்தம் போடாத, இப்பவே ஊறவெக்கறேன்."

"தொட்டீங்கன்னா கொன்னுபோடுவேன்!" என்று கத்தினேன். பனியனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதேவிட்டேன். மனிதர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஓர் அக்குளை வெட்டிக் கிருமி வளர்க்கும் தட்டில் வைத்தேன். முதலாளி வந்த அன்றும் தட்டு சுத்தமாக இருந்தது. முதலாளி தட்டைப் பார்த்துத் தலையாட்டினார், நம்பவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த அக்குளை மூக்கருகே கொண்டுபோனார். மறுபடியும் முகர்ந்தார். "கிரீஸ் வாசம் வருதுங்க. வேற ஒண்ணும் இல்லீங்களே!" அப்புறம் தன் சட்டையைக் குனிந்து முகர்ந்து பார்த்தார். "ரூம் அப்படியே இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றினார், என் கண்ணைப் பார்த்துக்கொண்டே கதவுக்குப் பின்னால் மாட்டினார். நான் வாயைத் திறந்தேன். பிறகு பேசாமல் காபி போடப் போனேன்.