ஜன்னல் வெளிச்சத்தில் எட்டுப் படம்

அவருக்கு பிளாஷ் என்றாலே ஆகாது. "கன்னத்துல அறைஞ்சுட்டு சிரிங்கன்னு சொல்ற மாதிரி" என்பார். நாற்பது வருடமாக வீடுகளுக்குள்ளும் ஆபீஸ் அறைகளிலும் ஜன்னல் வெளிச்சத்தை நம்பியே கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தவர். மனைவி போன பிறகு மூன்றாவது மாடியில் ஒண்டிக்கட்டை. பிரிட்ஜில் காய்கறியைவிட பிலிம் ரோல்தான் அதிகம். யாரிடமாவது வாய்திறந்து பேசி நாலு நாள் ஆகியிருக்கும், அதுகூட உறைக்காது.

ஆறு வருடம் கழித்து மகள் வந்தாள், இரண்டே மணி நேரத்துக்கு. முன்பே போனில் சொல்லியிருந்தாள். "தாத்தா எப்படி இருப்பார்னு என் பொண்ணு கேக்கறாப்பா. நாம சேர்ந்து இருக்கிற போட்டோ ஒண்ணுகூட இல்ல."

அன்று காலையிலேயே பிரிட்ஜிலிருந்து நானூறு வேக பிலிமை வெளியே எடுத்து வைத்தார். குளிர் விடாமல் டப்பியைத் திறந்தால் ஈரம் கோத்துவிடும். வேகம் குறைந்த நூறு பிலிம் நயமாக வரும்தான். ஆனால் அந்த அறை வெளிச்சத்துக்கு ஆள் அரை விநாடி அசையாமல் உட்கார வேண்டும். மகள் பிறந்ததிலிருந்தே அதற்கு ஒத்துக்கொண்டதில்லை. நானூறு பிலிமைக் கேமராவில் ஆயிரத்து அறுநூறு வேகமாக வைத்து எடுத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டிவிடுவது அவர் வழக்கம். வெளிச்சம் பட்டது தூக்கி வரும், இருட்டில் கிடந்தது எவ்வளவு கழுவினாலும் வராது. இதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

மகளை ஜன்னலோரம் உட்காரவைத்து, வெளிச்சம் அளக்கும் மீட்டரை அவள் கன்னத்தருகே பிடித்து அளந்தார். டைமரை முடுக்கிவிட்டு ஓடிப்போய் அவளுக்கு அந்தப் பக்கம், பீரோ மறைப்பில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "மூச்சு வாங்குதாப்பா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்படியே எட்டுப் படம். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் கழுவி, ஈர நெகட்டிவை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மகள் கண்ணிமை வரை துல்லியமாக விழுந்திருந்தாள். பக்கத்தில், அவர் உட்கார்ந்திருந்த இடத்தில், எட்டிலும் ஒன்றுமே விழாத வெற்று பிலிம். பிரிண்ட் போட்டால் கரி இருட்டுதான் வரும். அவள் கை அதற்குள் நீண்டு மணிக்கட்டோடு நின்றிருந்தது.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். "வந்துச்சாப்பா?"

"நீ நல்லா வந்திருக்கேம்மா."

"நீங்க?"

"எப்பவும் எதிர்ல இருக்கிறவங்களைத்தானே அளப்பேன். என்னை அளக்கணும்னு தோணவே இல்லம்மா."

"அப்போ என் பொண்ணுகிட்ட என்னத்தப்பா காட்டுவேன்?"