வெயில் காய்ந்தும் நின்ற மெஷின்

ஆம்பூர் பக்கம் ஒரு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளராக இருந்தேன். மாடியில் சோலார் போட்டவர்களுக்கு நாங்கள் சோதித்த பிறகே இணைப்பு. மெயினை ஆஃப் செய்தால் சோலாரும் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் லைனில் கரண்ட் ஏறி, கம்பத்தில் வேலை செய்கிறவர் செத்துப்போவார்.

மேரி வீட்டில் அது சரியாக நின்றது. அவர் வீட்டிலேயே ஷூவின் மேல்பாகமான அப்பர் தைப்பவர். கணவர் சவரி, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு, ஆக்ஸிஜன் மெஷினோடு கட்டிலில் கிடந்தார்.

"இன்னா சார், நின்னுபோச்சு?"

"நிக்கத்தான்மா வேணும்."

"கரண்ட் போனாலும் மெஷின் ஓடும்னு சோலார் கம்பெனிக்காரர் சொன்னாரே."

"அப்ப அவரையே கேளு."

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். கரண்ட் போனால் பேட்டரி இல்லாமல் மெஷின் ஓடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மின்சாரத்தைத் தனியாரிடம் கொடுக்காதே என்று அன்று காலைதான் அலுவலக வாசலில் யூனியன் நடத்திய கேட் மீட்டிங்கில் பேசியிருந்தேன். கம்பெனியை நம்பியவர்கள் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். அதுதான் உண்மை.

சில நாள் கழித்து, பராமரிப்புக்காக ஷட் டவுன் அறிவித்தோம். அன்று சோதனைக்காகத்தான் நின்றது என்று நினைத்த மேரி கவலைப்படவில்லை, மாடியில்தான் சோலார் இருக்கிறதே. மதியம் போன் வந்தது.

"சார், வெயில் கொளுத்துது, மெஷின் நின்னுடுச்சு. இவருக்கு மூச்சு வாங்குது. லைன் குடுங்க சார்."

கம்பங்களில் ஆட்கள் இருந்தார்கள். லைன் கொடுக்க முடியாது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வதைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை.

சவரி பிழைத்தார். வார்டுக்குப் போய், தெரிந்தேதான் சொல்லாமல் விட்டேன் என்று மேரியிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சத்தம் போடவில்லை.

"உங்க சண்டை எங்களுக்கு இன்னா சார் தெரியும்? சொல்லியிருந்தா அப்பவே பேட்டரி வெச்சிருப்போம்."

மின்சாரம் பொதுத்துறையில்தான் இருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் வாரியம் மக்களுடையது என்று மைக்கில் சொன்னவன், வாசலில் நின்று கேட்ட ஒருத்திக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது வேலைக்கு வருகிறவர்களே, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பிறகு மேரி வீட்டில் பேட்டரி வைத்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற பின்னும், ஷட் டவுன் என்றால் முந்தின நாளே நான் அவர்களுக்குப் போன் செய்துவிடுவேன். போன வாரம் சவரியே எடுத்தார்.

"நாளைக்கா சார்? பேட்டரி ஃபுல்லா இருக்குது. நீங்க பேஜார் ஆவாதீங்க."

மெஷின் ஓடும் சத்தம் போனில் கேட்டது. கொஞ்ச நேரம் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.