மாமா கொடுத்த வெள்ளி டின்

டின்னின் மூடியை மாமா விரலால் நெம்பித் திறந்தபோது எழுந்த 'புஸ்' என்ற சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. செம்பாக்கம் ஏரியோரம் லோடு ஆட்டோவை நிறுத்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம். ஏரித் தண்ணீரில் பட்ட வெயில் வண்டியின் கூரைக்குள் அலையலையாக ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளி நிற டின்னின் மேல் பூத்திருந்த நீர்த்துளிகள் என் விரலிடுக்கில் வழிந்தன. எனக்கு அப்போது ஒன்பது வயது. "தைரியமா குடிம்மா. இதுல சக்கரையே கெடையாது" என்றார். ஒரு வாய் குடித்தேன். மூக்கில் ஏறியது, கண்ணில் நீர் வந்தது, அப்புறம் இனித்தது. ஒரு வருடத்துக்கு மேலாக என் நாக்கு மறந்திருந்த இனிப்பு. "இன்னா மாதிரி கீது?" என்று கேட்டுவிட்டு மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். வாயைத் திறந்தால் இனிப்பு போய்விடும் என்று பயமாக இருந்தது.

எட்டு வயதில் எனக்குச் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வயதான பிறகு வருவது போன்றதல்ல. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும் வகை. காலையில் ஒரு ஊசி, இரவில் ஒரு ஊசி. அம்மா ஓர் ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் குத்தி ஊசி போடக் கற்றுக்கொண்டாள். பழம் முழுக்கத் துளைகளாகி மேசைமேல் கிடந்தது. அதை யாரும் உரித்துத் தின்னவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் சர்க்கரை டப்பா கைக்கு எட்டாத மேல்தட்டுக்குப் போனது. குரோம்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த என் அப்பா, நாங்கள் அத்தா என்போம், தன் தேநீரில் சர்க்கரையை நிறுத்தினார். என் பொருட்டுத்தான் என்று அவர் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. குளிர்பானப் பெட்டிகளை ஏஜென்சியின் குடோனிலிருந்து ஏற்றிக் கடை கடையாகப் போடுவது அவர் தொழில். உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் இனிப்பை ஏற்றிச் செல்லும் வண்டி அவருடையது. அக்காள் மகளுக்கு மட்டும் ஒரு சொட்டுக் கொடுக்க முடியாது. அந்த வருட நோன்புப் பெருநாளன்று மொட்டைமாடியில் பிள்ளைகள் எல்லாரும் நாக்கைச் சிவப்பாக்கும் பானத்தைக் குடித்துவிட்டு ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து டம்ளரில் தண்ணீர் குடித்தேன். மாமா அதைப் பார்த்துவிட்டார். கீழே இறங்கிப் போனார்.

இரண்டு வாரம் கழித்து அத்தாவின் கடையில் ஒரு பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு, அந்த வெள்ளி டின்னில் இருந்த பொடி எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு தாளில் எழுதினார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆங்கில எழுத்துகளைக் கோலம் போடுவதுபோல் வரைந்து வைத்திருந்தார். தாம்பரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகும் நாள் வந்தபோது, மாமாவும் எங்களோடு வந்து அந்தத் தாளை மேசைமேல் வைத்தார்.

டாக்டரம்மா நிதானமாகப் படித்தார். "இத குடிச்சா சக்கரை ஏறாது. அது உண்மை. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னா நான் தடுக்க மாட்டேன். ஆனா இதுல சத்தும் கெடையாது, இது மருந்தும் கெடையாது. தெனமும் குடிச்சா நாக்கு இனிப்பையே தேடும். வருஷக்கணக்கா குடிச்சா குழந்தைங்களுக்கு என்ன பண்ணும்னு எங்களுக்கே முழுசா தெரியாது. தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன்" என்றார். மாமாவுக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது. அம்மாவுக்கு இரண்டாம் பாதி மட்டும். பேருந்து நிறுத்தத்திலேயே சண்டை தொடங்கிவிட்டது. "சக்கரை இல்லாம இனிக்குதுன்னா, இனிக்க வெக்கற வேற ஏதோ ஒண்ணு உள்ள இருக்குன்னுதானே அர்த்தம்? அத எம்பொண்ணு வயித்துல ஊத்தணுமா?" என்றாள் அம்மா.

ஆனாலும் டின் வந்தது, அம்மாவுக்குத் தெரியாமல். ஞாயிறு மதியங்களில் மாமாவின் வண்டியில் ஒரு சுற்று போய்வர அம்மா என்னை அனுப்புவாள். குளுக்கோஸ் பாக்கெட்டும் பிஸ்கட்டும் வைத்த சின்னப் பை ஒன்றை என் தோளில் மாட்டிவிடுவாள். மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஏரியோரத்தில், எனக்கு ஒரு டின். மாமா கணக்கைத் தாண்டியதே இல்லை. அந்த மதியங்களை இன்று நினைத்தால் எல்லாம் மெதுவாக நடந்ததுபோல் தோன்றுகிறது. வண்டியின் பின்னால் பாட்டில்கள் கிணுகிணுக்கும். தாமரை இலைகளுக்கு நடுவே ஒரு நீர்க்கோழி போகும். மாமா ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டார். நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற பிள்ளைகளைப் போல நானும் ஒரு பிள்ளை என்று எனக்குத் தோன்றிய நேரம் அது ஒன்றுதான்.

நாலாவது மாதத்தில் ஒரு ஞாயிறு, ஏரியை நோக்கிப் போகும்போதே வெளிச்சம் கூடிக்கொண்டே போனது. சாலை மெத்தென்று ஆனது. வேர்த்துக் கொட்டியது, ஆனால் உடம்பு சில்லென்றிருந்தது. என் கைகள் மடியில் தாமாகவே நடுங்குவதை யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. "மாமா, ஏரி ரோட்டுக்கு வந்துடுச்சு" என்றேன்.

மாமா வண்டியை ஓரங்கட்டினார். என் நெற்றியைத் தொட்டார். சர்க்கரை இறங்கினால் இப்படித்தான் ஆகும், உடனே இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அம்மா அவருக்குப் பலமுறை சொல்லியிருந்தாள். "பை எங்கம்மா?" என்றார். பை வீட்டுக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் நான் மாட்டிக்கொள்ளவில்லை, அவரும் கவனிக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கடைகள் எல்லாம் மதியத்துக்குச் சாத்தியிருந்தன. மாமாவின் கை சீட்டுக்கு அருகில் இருந்த வெள்ளி டின்னுக்குப் போனது. திறந்து என் வாயில் வைத்தார். "குடி, குடிம்மா." குடித்தேன். இனித்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். வெளிச்சம் இன்னும் பெரிதானது. அவர் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. "இனிப்பாதானே கீது? இனிப்பாதானே கீது?"

அப்புறம் குரல் நின்றுவிட்டது. கையிலிருந்த டின்னை அவர் பார்த்த பார்வை மட்டும் எனக்கு இன்றும் மங்கவில்லை. அதைச் சாலையில் எறிந்துவிட்டு வண்டியின் பின்பக்கம் ஓடினார். தார்ப்பாயை இழுக்கும் சத்தம், பெட்டி சரியும் சத்தம். ஓப்பனரைத் தேட நேரமில்லாமல் ஓர் ஆரஞ்சுப் பான பாட்டிலின் மூடியை வண்டியின் இரும்பு விளிம்பில் அடித்துத் திறந்துகொண்டு வந்தார். "முழுங்கும்மா. கொஞ்சம் கொஞ்சமா. முழுங்கு." பாதி என் சட்டையில் வழிந்தது. முதுகுக்குப் பின்னால் நூறு பாட்டில் சர்க்கரையை வைத்துக்கொண்டு, வண்டியிலேயே சர்க்கரை இல்லாத ஒரே பானத்தை அவர் எனக்குக் கொடுத்திருந்தார். என்னைக் காப்பாற்றத் தேடித் தேடிக் கண்டுபிடித்த பானம் அது என்பதால் கை தானாக அதற்குப் போயிருக்கிறது.

கொஞ்சம் கொஞ்சமாக ஏரி தன் இடத்துக்குத் திரும்பிப் போனது. மாமா ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தார். நான் தெளிந்துவிட்டேன், சட்டைக் கறையைத் தவிர நடந்ததற்குச் சாட்சி ஏதும் இல்லை. "அம்மாகிட்ட சொல்ல வேணாம் மாமா" என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை நேராக வீட்டுக்கு விட்டார். வாசலில் நின்றபடியே ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மா முதலில் என் விரலைக் குத்தி ரத்தத்தைச் சோதித்தாள். அளவு சரியாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் பக்கம் திரும்பினாள்.

"எத்தன நாளா குடுக்கற?"

"நாலு மாசமாக்கா."

"நாலு மாசம் என் கண்ணப் பாத்துக்கிட்டே பொய் சொல்லியிருக்க. இனிமே இந்தப் பக்கம் வராத."

அவர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

மாமா இறந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. எனக்கு இப்போது ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு இந்த நோய் இல்லை. போன மாதம் அவள் வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தாய் கேட்டிருந்தார்: பிறந்தநாள் விழாவுக்கு சுகர் ஃப்ரீ பானம் வாங்கலாமா, குழந்தைகளுக்கு அது சேஃபா? விஷம் என்றார் ஒருவர். ஒன்றும் ஆகாது என்றார் இன்னொருவர். "அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்று ஒருவர் என்னைக் கூப்பிட்டார். டாக்டரம்மா சொன்னதைத்தான் எழுதினேன். என்றைக்காவது ஒரு டம்ளர் என்றால் பயப்பட வேண்டாம், பழக்கமாக்க வேண்டாம், தாகத்துக்குத் தண்ணீர் போதும், நெடுநாளில் என்ன செய்யும் என்பதை ஆராய்கிறவர்கள் இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இன்சுலின் போடும் குழந்தை யாராவது இருந்தால், சர்க்கரை இறங்கும்போது இதைக் கொடுக்கவே கூடாது என்று கடைசியில் சேர்த்தேன். நாலைந்து கட்டைவிரல்கள் வந்தன. பேச்சு கேக்கின் நிறத்துக்குப் போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையின் மீதியை யாருக்குமே எழுதியதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மாமா வராமல் போய்ப் பத்து வாரம் ஆகியிருந்தது. டாக்டரம்மாவிடம் போகும் நாள் மறுபடி வந்தது. அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அந்த டின்னால்தான் எனக்கு அப்படி ஆனது என்று டாக்டரம்மா வாயால் கேட்க வேண்டும் என்பதுபோல் சொன்னாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "டின் அவளுக்கு ஒண்ணும் பண்ணல. எந்த உதவியும் பண்ணல, அவ்வளவுதான். சக்கரை ஏன் எறங்குச்சு? காலைல போட்ட ஊசிக்கு மதியம் சோறு போயிருக்கணுமே."

"நானே தட்டு நெறைய போட்டுக் குடுத்தேன் டாக்டர். தட்டு காலியா இருந்துச்சு."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. நான் சுவரிலிருந்த எடை அட்டவணையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அன்று சாப்பிட உட்கார்ந்தபோதே தெருமுனையில் மாமாவின் ஹாரன் கேட்டது. வயிறு நிறைந்திருந்தால் டின் ருசிக்காது. ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடில் சோற்றை அப்படியே கொட்டினேன். காக்காய்கள் ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டன. பத்து வாரமாக எல்லாரும் மாமாவைக் குற்றம் சொன்னார்கள், நான் சொல்லவிட்டேன்.

அம்மா அடிக்கவில்லை. திரும்பும்போது எங்கள் பக்கம் போகும் பேருந்தை விட்டுவிட்டு எதிர்த்திசைப் பேருந்தில் ஏறி, குரோம்பேட்டையில் இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு குடோன் இருந்த சந்துக்குள் நடந்தாள். மாமா பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கைகளை லுங்கியில் துடைத்தபடி அப்படியே நின்றார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா கம்பியால் கட்டப்பட்டிருந்தது. மூடியில் அவருடைய கோணல் எழுத்தில் என் பெயர். அம்மா திறந்தாள். பிரிக்காத குளுக்கோஸ் பாக்கெட், பிஸ்கட், ஒரு சின்ன பாட்டில் ஆரஞ்சுப் பானம், ஒரு ஓப்பனர்.

"இவதான் இந்த வண்டில ஏறுறதே இல்லையே. யாருக்கு இது?"

"இருக்கட்டும்க்கா. என்னிக்காவது ஏறுவா இல்ல."

அம்மா டப்பாவை மெதுவாக மூடினாள். "அன்னிக்கு சோத்த இவ சாப்பிடவே இல்லடா. இன்னிக்குதான் சொல்றா" என்றாள். மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "கொழந்ததானே, வுடுக்கா" என்றார் அவர். பத்து வாரத் தண்டனையை அந்த ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்.

"எது சக்கரை, எது சக்கரை இல்லாதது? எனக்குக் காட்டு" என்றாள் அம்மா. அவர் இரண்டையும் கொண்டுவந்து, பொடி எழுத்துகள்மேல் விரலை வைத்துக் காட்டினார். அம்மா வெள்ளி டின்னை வாங்கி, திறக்கத் தெரியாமல் அவரிடமே நீட்டி, திரும்ப வாங்கி ஒரு வாய் குடித்தாள். முகம் அஷ்டகோணலானது.

"இருமல் மருந்து மாதிரி இருக்கு" என்று என் பக்கம் திரும்பினாள். "இதுக்காடி சோத்த காக்காய்க்குப் போட்ட?"

மாமாதான் முதலில் சிரித்தார். அம்மா சிரிக்காமல் இருக்க எவ்வளவோ பார்த்தாள். பிறகு, அதுவரை ஒரு தடவைகூட ஏறியிராத அந்த வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, என்னை இழுத்து நடுவில் இருத்திக்கொண்டு, "எடுடா வண்டிய" என்றாள்.