மகளின் மில் பாஷை

ஸ்ரீவில்லிபுத்தூரில் காது பார்க்கும் டாக்டரம்மா அறைக்குள் நுழைந்ததும் என் மகள் இல்லாத மீசையை முறுக்கிக் காட்டினாள். மூன்றே கால் வயதுப் பிள்ளைக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள நாங்கள் உட்கார்ந்திருந்த நேரம் அது. அவள் மீசையை முறுக்கியதும் பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். நானும் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். ஏன் அப்படிச் செய்தோம் என்று அந்த நிமிடம் இருவருக்குமே உறைக்கவில்லை.

அதுவரை அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ‘அம்மா’ கூடக் கிடையாது. நானும் அவரும் ராஜபாளையத்தில் ஒரே நூல் மில்லில் வேலை பார்க்கிறோம்; பகலில் அவள் பால்வாடியில் இருப்பாள். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா, “ஏட்டி, புள்ளைக்குக் காது கேக்குதான்னு பாரு. எம்புட்டு நாளைக்குத்தான் இப்படியே விடுவ?” என்று கேட்டுவிட்டாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து மகளைப் போலீஸ்காரி மாதிரி கண்காணிக்கத் தொடங்கினேன். முதுகுக்குப் பின்னால் தட்டைப் போட்டு உடைக்காத குறை. எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தால் குக்கர் விசிலுக்கும் அசைய மாட்டாள். ஐஸ் வண்டி மணி அடுத்த தெருவில் கேட்டாலோ வாசலில் நிற்பாள். பலூன் வெடித்தால் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டிக் காட்டுவாள். செருப்பு வார் அறுந்தாலும் அதே விரல், கரண்ட் போனாலும் அதே விரல். ஏதோ விளையாட்டு என்று நான் விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா அவளை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து நாலு பக்கமிருந்தும் சத்தம் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் சரியாகத் திரும்பினாள். “காது ரொம்ப நல்லா கேக்குது. அது சரி, என்னப் பாத்ததும் மீசைய முறுக்குனாளே, அது என்ன?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஸ்பின்னிங் பகுதியில் மிஷின்கள் போடும் இரைச்சலில் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. எங்களுக்குக் கைதான் பேச்சு, உதடுதான் எழுத்து. நூல் அறுந்தால் இரண்டு விரல் வெட்டும். மீசையை முறுக்கினால், சூப்பர்வைசர் வருகிறார், ஒழுங்காக நில் என்று அர்த்தம்.

“சூப்பர்வைசர் வாராருன்னு எங்களுக்குச் சொல்லுதா, டாக்டர்” என்றேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

காது இரைய, தொண்டை வறள வீட்டுக்கு வந்தும் நாங்கள் இருவரும் கையாலேயே பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். சோறு போடவா, கதவைச் சாத்து, டீ வேணுமா, எல்லாமே கை. பிள்ளை அதைப் பார்த்துப் பார்த்து எங்களை மாதிரியே பேசியிருக்கிறாள். அவள் கேட்டதை நாங்களும் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். இதைக் கவனிக்காத என்னையெல்லாம் எதில் சேர்ப்பது? “வீட்டுல வாயத் திறந்து பேசுங்க. பொறவு அவளும் பேசுவா” என்று டாக்டரம்மா அனுப்பிவைத்தார். பஸ் ஏறும்வரை அவளைத் தரையில் இறக்கிவிட எனக்கு மனசே வரவில்லை.

பிறகு நடந்த கூத்தைக் கேட்க வேண்டுமே. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினாலே அதிகம் என்கிற மனிதர், “பாப்பா, அப்பா இப்ப சட்டைக்குப் பட்டன் போடுதேன், பாத்துக்கோ” என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஆரம்பித்துவிட்டார். நான் அரிசி களைவதை, பாத்திரம் விளக்குவதை எல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. அவள் எங்கள் வாயையே வேடிக்கை பார்த்தாள். பேச்சு வரவில்லை. டாக்டரம்மா ஆறுதலுக்குத்தான் சொன்னாரோ என்று எனக்குப் பழையபடி பயம் வந்துவிட்டது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவிலுக்குப் போனோம். அங்குள்ள அருவியில் நல்ல தண்ணீர். பக்கத்தில் பேசுவது கேட்காத இரைச்சல். அவர் மகளின் கையைப் பிடித்துத் தண்ணீரில் நிறுத்தியிருந்தார். நான் துணிப்பையோடு தள்ளி ஒரு பாறையில் இருந்தேன். அவளுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. போதும், வா என்று பழக்கதோஷத்தில் கையைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். கையைத் தூக்கவில்லை. வாயைத் திறந்தாள். உதடு மூடியது, திறந்தது, மறுபடி அசைந்தது. கையைப் பிடித்திருந்தவருக்கே கேட்கவில்லை. எனக்கு எங்கே கேட்கும்? ஆனால் பதினோரு வருஷமாக உதட்டைப் படித்துப் பழகியவள் நான். தப்பவே தப்பாது.

‘அம்மா, வரமாட்டேன்.’

பையைப் போட்டுவிட்டுச் சேலையோடு தண்ணீருக்குள் ஓடினேன். அவள் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தேன். மறுபடியும் சொன்னாள். கரகரத்த, சின்னக் குரல். இன்று எல்.கே.ஜி. டீச்சர், “உங்க பொண்ணு செத்த நேரம் வாய மூட மாட்டேங்குறா” என்று புகார் சொல்லும்போது தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறேன். உள்ளுக்குள் அந்தக் கரகரப்புத்தான் ஓடும். அன்று அருவியில் நனைந்துகொண்டே, “கேக்கல, பாப்பா” என்றேன். அவள் கத்திச் சொன்னாள். “கேக்கவே இல்லயே” என்றேன். இன்னும் பலமாகக் கத்தினாள்.

அன்றைக்கு மத்தியானம் வரை எனக்குக் காது கேட்கவே இல்லை.