டிரம்முக்குள் ஒரு கை உப்பு

எண்பதுகளில் ஒரு வருஷம், ஆழ்கடலை அளக்கும் மெஷின் ஒன்று மலையேறி எங்கள் ஊருக்கு வந்தது. கடல் அவ்வளவு பெரிசாகக் கீழே கிடக்க, அது ரிங்லெட் அணை ஏரிக்கு வந்ததுதான் வேடிக்கை. அலையில்லாத தண்ணீரில் பழக்கிவிட்டுத்தான் கடலில் இறக்குவார்களாம். கூட வந்த வெள்ளைக்கார இஞ்சினியரை நாங்கள் துரை என்றோம். வெள்ளையாக யார் வந்தாலும் எஸ்டேட்டில் துரைதான்.

நான் அப்போது தேயிலை பேக்டரியில் பிட்டர். துரைக்குக் கேபிள் பிடிக்க ஆள் வேண்டும் என்று மேனேஜர் என்னை அனுப்பினார். மெஷினுக்குள் ஆள் கிடையாது. கரையில் ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்து துரை குச்சியை ஆட்டினால், அது தண்ணீருக்கடியில் போய், சூடு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று கேபிள் வழியாகச் சொல்லும். அந்தக் கேபிளைச் சிக்காமல் விட்டு இழுப்பது என் வேலை. கேமராவும் உண்டு. அதில் தெரிந்ததெல்லாம் பால் தேத்தண்ணீர் மாதிரி கலங்கல்தான். துரை அதையும் பக்தியோடு பார்ப்பார்.

சீக்கிரமே துரைக்கு என்னைப் பிடித்துவிட்டது. சோதனை நல்லபடி முடிந்தால், கிழக்குக் கரையில் நிற்கும் கப்பலில் நிரந்தர வேலை என்றார். நான் கடலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நீச்சலும் தெரியாது. ஆனாலும் நாங்கள் குடியிருந்த லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

“ஆளே உள்ள போகாதுன்னா, அப்புறம் ஆளு எதுக்கு?” என்று கேட்டாள் என் மனைவி. அவளுக்கு அப்போது ஆறு மாதம்.

கேட்டால் விடுவேனா? சுடுசோறு ஆறிப்போகும்வரை விளக்கினேன். தினமும் காலையில் மெஷினை நல்ல தண்ணீர் டிரம்மில் முக்குவோம், உப்பு காட்டும் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும், நின்றால்தான் ஏரியில் இறக்குவோம்.

“டிரம்முல ஒரு கை உப்பு விழுந்தாப் போதும், முள்ளு எகிறிடும். அவ்வளவு சூட்சுமம்!” என்றேன்.

“அப்படியா?” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என் வேலையைப் பற்றி அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசி நாள், துரையின் மேலதிகாரிகள் பார்க்க வந்திருந்தார்கள். அதிசயமாக அவளும் அன்று ஏரிக்கரைக்கே வந்து, பசியாற ரொட்டி கொடுத்துவிட்டுப் போனாள். மெஷினை டிரம்மில் முக்கியதும் முள் எகிறியது. துரையின் முகம் வெளுத்தது. அதற்கு மேலும் வெளுக்க இடமிருந்தது அன்றுதான் தெரிந்தது. கழற்றினார், துடைத்தார், மறுபடி முக்கினார். முள் இறங்கவே இல்லை.

“ரோசாக் லா! கெட்டுப்போச்சு, எல்லாம் போச்சு,” என்றான் மெஷினை ஏற்றிவந்த லோரி டிரைவர். மெஷின் கெட்டால் என் கப்பலும் போச்சே!

டிரம்முக்குள் எட்டிப் பார்த்தேன். காய்ந்த மிளகாய் மிதந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். கரித்தது. அட சாமி! உப்பும் மிளகாயும் சுற்றித் தண்ணீரில் போட்டால், உப்பு கரைகிற மாதிரி கண்ணேறும் கரையும் என்பது எங்கள் லயத்துக்கே தெரிந்த வைத்தியம். மகராசி, மெஷினுக்குத் திருஷ்டி கழித்திருக்கிறாள்!

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயால் பிழைத்தேன். தெரிந்த இங்கிலீஷிலும் மலாயிலும் துரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவிக்கு அந்த மெஷின் மேல் எவ்வளவு பாசம் என்பதையும் சேர்த்துத்தான். துரை விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்ததால் மேலதிகாரிகளும் சிரித்தார்கள். ஒரு கை உப்பைக் கண்டுபிடித்த மெஷின் அல்லவா! தண்ணீரை மாற்றினோம், முள் பூஜ்யத்தில் நின்றது. என் கப்பல் வேலை அங்கேயே உறுதியானது.

வீட்டுக்கு ஓடினேன். “உன் உப்புதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்துச்சு! மெஷினுக்குச் சுத்திப் போடணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?”

அவள் அடுப்பை அணைத்தாள். “மிளகாய் உங்களுக்குச் சுத்துனது,” என்றாள். “உப்புதான் மெஷினுக்கு. ஒரு கை போதும்னு நீங்கதானே சொன்னீங்க?”

எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. விளங்கியதும் அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“வாயைத் திறக்காம இருந்திருந்தா, பிள்ளை பொறக்குறப்ப இங்க இருந்திருப்பீங்க,” என்று சொல்லிவிட்டு, அவள் என் சட்டைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.