உம்மாவின் வாப்பா பிறந்த ஊர்

நாட்டில் டீசலும் மண்ணெண்ணெயும் இல்லாமல் போன அந்த வருடம், தம்பியின் படகு கற்பிட்டிக் கரையிலேயே கிடந்தது. அவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒரு பின்னேரம் என் வீட்டுக்கு வந்தவன், கதிரையில் உட்காராமலே சொன்னான்.

"ராத்தா, ஒரு மீன்பிடி ட்ரோலர் போகுது. அவுஸ்திரேலியாவுக்கு. நானும் போறன்."

அப்படிக் களவாகப் போனவர்களில் சிலர் நடுக்கடலில் பிடிபட்டுத் திரும்பியிருந்தார்கள். சிலரைப் பற்றிக் கதையே இல்லை. அவனை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்று தவித்தபோதுதான் உம்மாவின் வாப்பா நினைவுக்கு வந்தார்.

அவர் வெள்ளைக்காரர். இங்கிலாந்தில் ஏதோ பட்டிக்காட்டில் பிறந்தவர். தென்னந்தோட்டம் ஒன்றை மேற்பார்க்க இந்தப் பக்கம் வந்து, இஸ்லாத்தைத் தழுவி, எங்கள் குடும்பத்தில் நிக்காஹ் செய்தார். உம்மா சிறுமியாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டார். பாட்டன் அங்கே பிறந்தவர் என்று நிரூபித்தால் பேரனுக்கு வேலை விசா கிடைக்கும் என்று, வெளிநாட்டு அலுவல் பார்க்கும் ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தார்.

"கொஞ்சம் பொறு. நான் அவரத் தேடிப் பாக்கிறன்," என்றேன்.

"அடுத்த ட்ரோலர் வரைக்கும் பொறுக்கிறன். அதுக்கு மேல ஏலாது ராத்தா."

உம்மாவுக்குத் தெரிந்தது அவருடைய பழைய பெயரும் ஊரின் பெயரும் மட்டும். இரண்டுமே எழுபது வருடம் உம்மாவின் வாயில் கிடந்து உருமாறிப் போயிருந்தன. கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துப் போனில் ஒவ்வொரு எழுத்தாக மாற்றி மாற்றித் தேடினேன். அதே ஒலியில் நாலைந்து ஊர்கள் இருந்தன. அந்த ஊர்கள் இருந்த எல்லாப் பகுதிகளின் ஆவணக் காப்பகங்களுக்கும் எழுதினேன். பெரும்பாலானவை பதில் போடவில்லை. ஒன்றிலிருந்து ஒரு பெண் எழுதினார். தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவையும் குடிசன மதிப்பீட்டின் ஒரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பியிருந்தார்.

பிறர் வயலில் கூலி வேலை செய்த தகப்பன். ஒரே வீட்டில் எட்டுப் பிள்ளைகள். ஞானஸ்நானப் பதிவில் இருந்த தாயின் பெயருக்குப் பதிலாகக் குடிசன மதிப்பீட்டில் வேறொரு பெண், இரண்டாந்தாரமாக இருக்கலாம். எங்கள் ஆள் அப்போது சிறுவன். தொழில் என்ற இடத்தில், விதைத்த வயலில் காகம் விரட்டுபவன் என்று எழுதியிருந்தது.

அதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"வாப்பா காகத்தக் கண்டா ரெண்டு கையையும் தட்டி ஒரு சத்தம் போடுவார்," என்றார். "கருவாடு காயப்போட்ட இடத்துல நிண்டு தட்டுவார். புள்ளையள் எல்லாம் சிரிப்பம். அது அவருக்குத் தொழிலா இருந்ததெண்டு ஆருக்குத் தெரியும்?"

அவர்தான். ஆனால் உம்மாவின் ஞாபகத்தை எந்த விண்ணப்பத்தில் இணைப்பது?

அங்கே அவர் பட்டாளத்தில் சேர்ந்து, பிறகு கொழும்புக்குக் கப்பலேறியது வரை பதிவு இருந்தது. அத்தோடு அந்தப் பெயர் முடிந்துவிட்டது. இங்கே முஸ்லிம் பெயரோடு ஒரு மனிதர் தொடங்குகிறார். இருவரும் ஒருவரே என்று சொல்லும் கடதாசி ஒன்றும் இல்லை. பள்ளிவாசலின் பழைய நிக்காஹ் பதிவுகளைக் கறையான் தின்றிருந்தது. உம்மாவின் பிறப்பைப் பதிந்தது அவர் மௌத்தான பிறகு, மாமா ஒருவர். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது.

அந்தக் கோட்டின் இடத்தில் அவர் பெயரை எழுதித் தரக் கேட்டு, புத்தளம் கச்சேரிக்குப் போனேன். பதிவுப் பகுதி அலுவலர் உம்மாவின் பிறப்புப் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நான் ஒண்டும் எழுத ஏலாது தங்கச்சி. கோர்ட்டுக்குத்தான் போகணும். வருசக்கணக்கா இழுபடும்."

அவர் நல்ல மனிதர். எழுந்து வாசல் வரை வந்து வழியனுப்பினார். பஸ்ஸில் திரும்பும்போது முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். தம்பி தலையாட்டினான்.

"நீங்க உங்களால ஏலுமானதச் செஞ்சீங்க ராத்தா."

அந்தக் கிழமையே, ட்ரோலர்க்காரரின் போன் வந்த இரவில், அவன் போய்விட்டான். உம்மாவிடம் சிலாபத்தில் வேலை என்று சொல்லியிருந்தான். உம்மா நம்பவில்லை. சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு, "அவன் இப்ப என்ன திண்டிருப்பான்," என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தம்பியின் மனைவி போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. நான் தொழுகையில் உட்கார்ந்தால் எழும்ப மறந்தேன். கரையில் ஏதோ உடல் ஒதுங்கியது என்று யாரோ சொல்ல, செருப்பில்லாமல் ஓடினேன். அது ஒரு டொல்பின்.

கடைசியில் கடற்படை அந்த ட்ரோலரை மறித்துத் திருப்பிக் கொண்டுவந்தது. பிணையில் எடுத்து வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, தம்பியின் முகத்துத் தோல் வெயிலில் உரிந்து தொங்கியது. உம்மா அவனைத் தொடக்கூடப் பயந்து பக்கத்தில் நின்றார்.

"உயிரோட வந்துட்டன்தானே உம்மா," என்றான்.

இப்போது உப்பளத்தில் நாட்கூலிக்குப் போகிறான். வழக்குத் தவணைகளுக்கும் போகிறான். சில நாட்களில் அவனுக்குப் போன் வந்தால் எழுந்து முற்றத்துக்குப் போய், மதில் ஓரமாக நின்று தணிந்த குரலில் கதைக்கிறான். உம்மா வாசல் படலையைச் சாத்திவிட்டு அதன் மேல் சாய்ந்து நிற்கிறார். என்ன கதைத்தான் என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை.